ஈரம் ஏறிய பம்பை

வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் பம்பையின் தோலைக் காட்டினால் ஒரு வாடை வரும். முடி பொசுங்குகிற வாடையும் பழைய செருப்பின் வாடையும் கலந்தாற்போல இருக்கும். மூக்கைப் பொத்திக்கொள்ளவும் தோன்றாது, விரும்பி முகரவும் முடியாது. ஐப்பசி பிறந்த மறுவாரம், ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், எங்கள் வீட்டு வாசலில் அந்த வாடை மூன்று தடவை எழுந்தது. மூன்று தடவையும் நான் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அந்த முற்பகலில் நடந்ததைத்தான் எழுதப் பார்க்கிறேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தவள் நான். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் இந்தத் துணிச்சல்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு எட்டு வயது முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. மரக்காணத்தில் உப்பளத்தை ‘அளம்’ என்றுதான் சொல்வோம். அப்பா இன்னொருவருடைய அளத்தில் வேலை பார்த்தார். கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரை ஏற்றம் போட்டு இறைத்து, பாத்தியில் பாய்ச்சி, வெயில் காய்ச்சிக் கொடுப்பதைப் பலகையால் வாரிக் குவிக்கிற வேலை. அம்மாவும் கூடப் போவாள், வாரிய உப்பைக் கூடையில் சுமந்து குவியலில் கொட்டுவாள்.

அம்மாவுக்கு ஊர் இரும்பைப் பக்கம். அவளுடைய அப்பா கூத்து ஜமாவில் ஆர்மோனியப் பெட்டி வாசித்தவர், நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மா பாட்டுப் பாடியோ பெட்டி தொட்டோ நான் பார்த்ததில்லை, ஆனால் காது மட்டும் அப்பனுடையதாக அவளிடம் வந்து தங்கிவிட்டது. கல்யாண வீடுகளில் குழாய் ஒலிபெருக்கி கட்டி இசைத்தட்டு போடுவார்கள். கரண்டு குறைகிறபோது தட்டு மெதுவாகச் சுற்றும், பாடுகிறவரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இழுபடும். நாங்கள் பிள்ளைகள் சிரிப்போம். அம்மா மட்டும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள். “பல்லுல மணல் கடிச்ச மாதிரி இருக்குது” என்பாள். அப்பாவின் ஏற்றம் கிறீச்சிட்டால் எண்ணெய் போடச் சொல்லி விரட்டுவாள். ஏற்றம் தேய்ந்துவிடுமே என்கிற கவலை இல்லை. அடுத்த அளத்து ஏற்றத்தின் கிறீச்சோடு அது சேரவில்லையாம். “உனக்கு நான் இறைக்கிற தண்ணி கண்ணுல படலை, சத்தம்தான் படுது” என்று அப்பா கேலி செய்வார், செய்துவிட்டு எண்ணெயும் போடுவார்.

அந்த வருஷம் தை மாதம் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். சித்திரையில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்விட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்று வீட்டில் எல்லாரும் அழுதார்கள், அம்மா அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் அப்படியே இருந்தாள். அன்றைக்கு மூடிய வாய்தான், வைகாசி போய், ஆனி போய், ஆடி ஆவணி எல்லாம் போயும் திறக்கவில்லை. எழுப்பினால் எழுவாள், தண்ணீர் ஊற்றினால் குளிப்பாள், வாயருகில் கொண்டுபோனால் சோறு தின்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எதிர் வீட்டில் ஒரு மஞ்சள் நீராட்டுக்குக் குழாய் கட்டினார்கள். கரண்டு குறைந்து பாட்டு இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது. அம்மா எழுந்து உள்ளே போவாள் என்று அப்பாவும் நானும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அசையவில்லை. அன்று அப்பா சாப்பிடவில்லை.

தர்ம ஆஸ்பத்திரியில் தெம்புக்கு டானிக் கொடுத்தார்கள். யார் யாரோ சொன்ன இடங்களுக்கெல்லாம் போய்க் கயிறு கட்டி வந்தோம். உச்சி வேளையில் பிள்ளையோடு கடலோரம் போனதால் ஏதோ பிடித்துக்கொண்டது என்று தெருவில் பேசினார்கள்.

புரட்டாசிக் கடைசியில் அப்பாவின் அக்கா வானூரிலிருந்து வந்தார். அத்தைக்கு வாய் பெரிது, கையும் பெரிது; வந்த அன்றே வீட்டைக் கூட்டி மெழுகி, எனக்குப் பேன் பார்த்து, அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் தன் கூடையையே இறக்கி வைத்தார். மறுநாள் அப்பாவிடம் சொன்னார்:

“ஏம்பா, நீ அளத்துல கெடப்பியா, இவளுக்குச் சோறு ஊட்டுவியா, இந்தப் பொண்ணுக்குத் தலை வாருவியா? மழை எறங்கறதுக்குள்ள ஒரு முடிவு பண்ணு. இவளை இவ அண்ணன் வூட்டுல கொண்டுபோய் வுட்டுடு. பொண்ணை நான் வானூருக்கு இட்டுக்கினு போறேன்.”

அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பது எட்டு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. இப்படித்தான் எங்கள் தெருவில் ஒருத்தியை உடம்பு தேறட்டும் என்று தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் திரும்பவில்லை. அடுத்த வருஷமே அந்த வீட்டு அடுப்படியில் வேறொருத்தி நின்றாள். நான் போய் அத்தையின் கூடையைப் பார்த்தேன். என்னுடைய இரண்டு பாவாடைகளும் மடித்து உள்ளே வைக்கப்பட்டிருந்தன.

அப்பா எதிர்த்துப் பேசுகிறவர் அல்ல. “ஒரே ஒரு தடவை பாத்துடலாம்க்கா” என்று மட்டும் சொன்னார். அதற்கு அத்தையே வழி சொன்னார்: பம்பை உடுக்கை வைத்து அம்மன் வர்ணிப்புப் பாடினால் சாமி இறங்கும், சாமி இறங்கினால் வாய் திறக்கும். திறக்காவிட்டால் திங்கட்கிழமை வண்டி ஏற வேண்டியதுதான்.

வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரத்துக்குப் பம்பைக்காரர் வந்தார். கூட உடுக்கை அடிக்கிற அவர் மைத்துனர். இருவரும் கடலையே அதிகம் பார்த்திராத உள்நாட்டு ஊர்க்காரர்கள். பம்பை என்பது பார்க்க ஒன்றுபோல இருக்கும், உண்மையில் இரண்டு. ஒரு பித்தளை உருளையையும் ஒரு மர உருளையையும் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டிக் குச்சியால் அடிப்பார்கள். மரத்தை ‘கட்டை’ என்பார்கள். கட்டையும் பித்தளையும் ஒன்றுக்கொன்று பதில் பேச வேண்டும், அதுதான் பம்பை.

எங்கள் வீடு ஒரே அறை. தெரு நாய்கள் தோல் என்றால் விடாது. பம்பையை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. மழைக்கு முன் மூட்டை கட்டிய உப்பெல்லாம் அளத்துக் கொட்டகையில் அடுக்கியிருந்தது, சாவி அப்பாவிடம் இருந்தது. உப்பு லட்சுமி, சாமி கருவியை வைக்க அதைவிடச் சுத்தமான இடம் எது? அப்பா பம்பையைக் குழந்தையைப்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன். மூட்டைகளின்மேல் கட்டை அடியிலும் பித்தளை மேலுமாக வைத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போர்த்தினார். மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெளியே தூறல் போட்டிருந்தது, காற்று பிசுபிசுத்தது. பிறந்ததிலிருந்து உப்பிலேயே நடந்த மனிதர், அந்த நேரத்தில் உப்பின் குணத்தை மறந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அத்தை அம்மாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் புடவை கட்டி, மணைமேல் உட்கார்த்தினார். வேப்பிலை, கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் இருந்தன. தெருப் பெண்கள் வாசல்வரை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பம்பைக்காரர் அம்மனை நினைத்துக் கும்பிட்டுவிட்டுக் குச்சியை எடுத்தார். பித்தளை ‘கணீர்’ என்றது. கட்டை, ஈரச் சாக்கைத் தரையில் போட்டாற்போல ‘தொப்’ என்றது.

“இன்னா மாமா, கட்டை பேச மாட்டேங்குது?” என்றார் மைத்துனர்.

“காலங்காத்தால அது அப்பிடித்தான். ரெண்டு தீ காட்டினா பேசும்.”

அப்பா ஓடிப்போய் வைக்கோல் கொண்டுவந்து வாசலில் கொளுத்தினார். தோல் காய்ந்தது. பாட்டு ஆரம்பித்தது. அம்மனின் கண்ணழகு, நெற்றியழகு என்று வர்ணித்துக்கொண்டு வருகிறபோதே கட்டை மெல்ல மெல்லத் தொய்ந்தது. உப்புச் சாரம் ஏறின தோல், காயக் காய மறுபடியும் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது என்பது அங்கே யாருக்கும் அப்போது உறைக்கவில்லை. இரண்டாவது தடவை வாசலுக்கு எடுத்துப் போனார்கள். மூன்றாவது தடவை போனபோது அத்தைக்குப் பொறுக்கவில்லை.

“நேத்து மூணு தட்டு சோறு வாங்கிக்கினீங்களே, அதுல ஒரு தட்டு அந்தக் கட்டைக்கும் போட்டிருக்கலாம் இல்ல?”

பெண்கள் சிரித்தார்கள். பம்பைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. இனிமேல் நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தவர்போலக் குரலைப் பெரிதாக்கிக்கொண்டு, தொய்ந்த கட்டையையே ஓங்கி ஓங்கி அடித்தார். அப்போதுதான் நான் பார்த்தேன். அம்மாவின் கால் பெருவிரல் மடங்கியது. கட்டை ஒலிக்கிறபோதெல்லாம் மடங்கியது, பித்தளைக்கு மடங்கவில்லை. பிறகு முழங்கால் துடித்தது. பிறகு தோள்.

“வருது, வருது” என்றாள் வாசலில் ஒருத்தி. அத்தை கற்பூரத்தை ஏற்றிவிட்டார். பம்பைக்காரர் குனிந்து அம்மாவின் முகத்துக்கு நேரே வந்து அடித்தார். “வந்திருக்கிறது யாரு? வாயத் தொறந்து சொல்லு தாயே.”

அம்மா வலது கையை உயர்த்தினாள். ஆறு மாதம் கிடந்து துருப்பிடித்த குரலில், “கட்டை எறங்கிப் போச்சு” என்றாள்.

உடுக்கை நின்றுவிட்டது. பம்பைக்காரர் மட்டும் விடவில்லை. “இன்னா தாயே? கோழி வேணுமா, பொங்கல் வேணுமா, தயங்காம கேளு.”

“ஒண்ணும் வேணாம். கயித்த இழுத்துக் கட்டுங்க. காது கூசுது.”

பம்பைக்காரர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். “முப்பது வருஷமா பாடறேன். கோழி கேட்ட சாமி உண்டு, சாராயம் கேட்ட சாமி உண்டு. கயித்த இழுத்துக் கட்டுன்னு எந்தச் சாமியும் கேட்டதில்ல.”

“சாமி இல்ல மாமா” என்றார் மைத்துனர், உடுக்கையைக் கீழே வைத்தபடி. “இவங்க இரும்பைப் பெட்டிக்காரர் பொண்ணாம். வெளிய சொன்னாங்க.”

பம்பைக்காரருக்குக் கோபம் வந்திருக்கலாம், எழுந்து போயிருக்கலாம். அவர் போகவில்லை என்பதற்காக இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன். அவர் இடுப்பிலிருந்து பம்பையை அவிழ்த்து அம்மாவின் எதிரில் வைத்தார். மைத்துனர் ஒரு காலைக் கொடுத்துக் கயிற்றை இழுக்க, பம்பைக்காரர் தட்டித் தட்டிக் காட்டினார். அம்மா பித்தளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னும்” என்றாள். இழுத்தார்கள். “இன்னும் கொஞ்சம்.” இழுத்தார்கள். “இது ஜாஸ்தி.” தளர்த்தினார்கள். அப்பா கையில் எரிகிற வைக்கோல் கற்றையோடு, விரலைச் சுடுவதுகூடத் தெரியாமல் நிலைப்படியில் நின்றிருந்தார்.

“இப்ப சரி” என்றாள் அம்மா.

பம்பைக்காரர் கட்டையில் ஒரு அடி, பித்தளையில் ஒரு அடி கொடுத்தார். எனக்குச் சுருதி தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் இரண்டாக இருந்தது அப்போது ஒன்றாகிவிட்டது என்பது எனக்கே கேட்டது. அவர் அப்படியே மெதுவாக, பாட்டில்லாமல் கொஞ்ச நேரம் அடித்தார். பிறகு அம்மாவின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுந்து வந்து, “எம் புள்ள” என்று வெளியே விழுந்தது. சித்திரையில் அழ வேண்டிய அழுகையை அம்மா ஐப்பசியில் அழுதாள். அத்தை ஓடிவந்து அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டு தானும் அழுதார். யாரும் அவளைத் தேற்றவில்லை. தேற்றக்கூடாது என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது. பம்பைக்காரர் அழுகை ஓய்கிறவரைக்கும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார். சூடு இறங்கிக் கட்டை திரும்பத் தொய்ந்தபோது அம்மா அதைக் கவனிக்கவில்லை.

மத்தியானம் அப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டார். உப்பு மூட்டைமேல் வைத்த கதையைக் கேட்டுப் பம்பைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “இத்தனை வருஷம் உப்புல கெடந்தும் உப்பு தண்ணி குடிக்கும்னு தெரியலையா உனக்கு?” என்றார் அத்தை.

“தெரியும்க்கா. லட்சுமி இருக்கிற எடமாச்சேன்னு வச்சேன்.”

அம்மா அப்போது என்னைத் திருப்பி உட்கார்த்திப் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். “யாரு பின்னினது இது? சாக்கு தைக்கிற கயிறு மாதிரி இருக்குது” என்றாள். ஆறு மாதமாக அப்பாதான் பின்னிவிட்டுக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவர் தோள் குலுங்கியதை முதுகுப் பக்கமிருந்து பார்த்தேன், சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அத்தை தனியாகத்தான் வண்டி ஏறினார். என் பாவாடைகளை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுப் போனார். அம்மன்தான் வந்து பேசினாள் என்று வானூர் முழுக்கச் சொன்னதாகக் கேள்வி.

அம்மா உடனே பழையபடி ஆகிவிடவில்லை. இரண்டு நாள் பேசுவாள், மூன்றாம் நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். எனக்கும் அப்பாவுக்கும் பயம் வரும். மழை விட்டு அளம் தொடங்கிய பிறகு, அப்படிப்பட்ட ஒரு நாளில் அப்பா ஏற்றத்துக்கு வேண்டுமென்றே எண்ணெய் போடாமல் விட்டார். காலையிலிருந்து அது கத்திக்கொண்டே இருந்தது. மத்தியானம் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு அளத்துக்கே நடந்து வந்துவிட்டாள். அவள் திட்டிய திட்டை அப்பா தலைகுனிந்து, பிரசாதம் வாங்குகிறவர்போல வாங்கிக்கொண்டார். அந்தப் பங்குனிக்குள் அவள் மறுபடியும் கூடை சுமக்க வந்துவிட்டாள்.

என் மகள் இப்போது ஆரோவில் பக்கம் ஒரு விடுதியில் வேலை பார்க்கிறாள். அங்கே தங்குகிறவர்கள் தரையில் படுத்துக்கொள்ள, தலைமாட்டில் வெண்கலக் கிண்ணங்களைத் தட்டி ஒலி எழுப்புவார்களாம். அதனால் உடம்பு தேறும், மனசு தெளியும் என்கிறார்களாம். “நெசமாவா அம்மா?” என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும். அத்தை சாமி என்றார், பம்பைக்காரர் பாட்டு என்றார், அப்பா சாகிறவரைக்கும் உப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கண்டது இவ்வளவுதான்: சேராத ஒலி என் அம்மாவைப் பேச வைத்தது, சேர்ந்த ஒலி அவளை அழ வைத்தது. இரண்டில் ஒன்று மட்டும் கிடைத்திருந்தால் அவள் எங்களிடம் திரும்பியிருப்பாளா என்று சொல்லத் தெரியவில்லை. அதனால் சரியாக வாசிக்கிறவர்களைப் போலவே தப்பாக வாசிக்கிறவர்களையும் நான் கும்பிடத்தான் செய்கிறேன்.

அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. ஏற்றம் எல்லாம் போய் மோட்டார் வந்துவிட்டது, தண்ணீர் இறைக்கிறவர்களின் தோள்வலியும் போனது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். அத்தை போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். அம்மா அந்த ஐப்பசிக்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள். என் கல்யாணத்தைப் பார்த்தாள், மேளக்காரர்களைக் குறை சொன்னாள், என் பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்தாள்.

கடைசியாகப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இனி ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் பகலில் வீட்டில் யாரும் இல்லாதபோது, கதவைச் சாத்திவிட்டு, வாழ்நாளில் யார் எதிரிலும் பாடியிராத நான் அவள் காதருகில் ஒரு தாலாட்டைப் பாடினேன். இரண்டாவது வரியிலேயே அம்மாவின் புருவம் நெரிந்தது. பல்லில் மணல் கடித்தவள்போல முகம் சுளித்தாள். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. அவள் கேட்கிறாள் என்று தெரிந்த பிறகு, தப்புத் தப்பாகவே, முழுப்பாட்டையும் பாடி முடித்தேன்.

இப்போதெல்லாம் அடுப்படியில் தனியாக இருக்கிறபோது பாடுகிறேன். முகம் சுளிக்க யாரும் இல்லை.